கூகுள் இருக்க இன்னொரு தேடுபெட்டி எதற்கு?

வீட்டில் கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளை இருந்தால் இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். மேசையில் இரண்டு திரை. ஒன்றில் அவர் எழுதும் நிரல். மற்றதில் நெருக்கமான எழுத்தோடு ஏதோ ஒரு பக்கம். நாலு வரி எழுதுகிறார், பக்கத்துத் திரையில் எதையோ படிக்கிறார், மறுபடி நாலு வரி. பத்து வருட அனுபவம் என்கிறார்கள். இன்னுமா பார்த்துப் பார்த்து எழுதுகிறார்?

உற்றுக் கவனித்தால் இன்னொரு சந்தேகமும் வரும். அவர் தேடுவது கூகுளில் இல்லை. தனியாக ஒரு சின்ன ஜன்னல், அதன் தலையில் ஒரு தேடுபெட்டி. மூன்று எழுத்து தட்டுவதற்குள் வேண்டிய பக்கம் வந்து நிற்கிறது. வைஃபை போய்விட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்கிறது. ஊர் உலகத்தையே தேடித் தரும் கூகுள் இருக்கும்போது இந்தக் குட்டிப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது?

நிரல்மொழிகளின் கையேடுகளை ஒரே இடத்தில் சேர்த்து, தேடிப் படிக்க வசதி செய்து தரும் இந்தக் கருவியை ‘ஆவண உலாவி’ என்று அழைப்போம். டேஷ், ஜீல், டெவ்டாக்ஸ் ஆகியவை இவற்றில் பெயர் பெற்றவை. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், இப்படி ஒன்று ஏன் தேவைப்படுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரே பெயர், மூன்று குணம்

ஒரு மளிகைப் பட்டியல் ஒரே வரியாக இருக்கிறது: அரிசி,பருப்பு,எண்ணெய்,உப்பு. இடையில் காற்புள்ளிகள். இதைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் வேலையை நிரலாளர் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டார். மொழியை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கும் ஆயத்த நிரல் துண்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இத்தகைய துண்டுக்குச் செயற்கூறு என்று பெயர். அலுவலகப் பேச்சில் ஃபங்ஷன். வரியைப் பிரிக்கும் செயற்கூறின் பெயர் ஸ்ப்ளிட். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இதே பெயர்தான்.

ஸ்ப்ளிட்டிடம் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டும். நாம் காற்புள்ளி என்கிறோம். விருப்பப்பட்டால் கூடவே ஓர் எண்ணும் கொடுக்கலாம். 2 என்று கொடுத்துப் பார்ப்போம்.

பைத்தானுக்கு 2 என்றால் இரண்டு வெட்டு. இரண்டு இடத்தில் வெட்டினால் மூன்று துண்டு கிடைக்கும்: அரிசி தனி, பருப்பு தனி, எண்ணெயும் உப்பும் காற்புள்ளியோடு ஒட்டியபடி ஒரு துண்டு.

ஜாவாவுக்கு 2 என்றால் இரண்டு துண்டு, அதற்கு மேல் கூடாது. ஆகவே அரிசி தனி. மீதி மூன்றும் சேர்ந்து இன்னொரு துண்டு.

ஜாவாஸ்கிரிப்ட் வேறு மாதிரி. எல்லாக் காற்புள்ளியிலும் வெட்டிவிட்டு முதல் இரண்டை மட்டும் கையில் கொடுக்கும். அரிசி வரும், பருப்பு வரும். எண்ணெயும் உப்பும் போன இடம் தெரியாது. ஏதோ விட்டுப்போயிற்று என்று பிழைச் செய்தியும் வராது.

ஜாவாவில் இன்னொரு பொறியும் உண்டு. நாம் தேதியை 14.01.2025 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். ‘புள்ளியில் வெட்டு’ என்று ஜாவாவின் ஸ்ப்ளிட்டிடம் அப்படியே சொன்னால் ஒரு துண்டுகூட மிஞ்சாது. வெறும் பட்டியல் வரும். ஜாவா அந்தப் புள்ளியை வெறும் புள்ளியாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்து வடிவங்களைக் குறிக்கும் குறியீட்டு முறை ஒன்றின்படி அதை வாசிக்கிறது. அம்முறையில் புள்ளி என்றால் ‘எந்த எழுத்தாக இருந்தாலும்’ என்று பொருள். ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் வெட்டும் இடமாக எண்ணிக்கொள்கிறது. எல்லாமே வெட்டுக்குப் போய்விட்டால் மிச்சம் ஏது?

ஸ்ப்ளிட் ஒரு சோற்றுப் பதம். ஜாவாவோடு வரும் நூலகத்தில் மட்டும் இப்படி ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று மொழியில் எழுத வேண்டியிருப்பவர், எந்த மொழியில் 2 என்றால் என்ன என்று நெஞ்சில் சுமந்துகொண்டு திரிவதில்லை. ஸ்ப்ளிட் என்று ஒன்று உண்டு, அந்த எண்ணில் ஒரு வில்லங்கம் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார். மீதியைப் பக்கத்தைத் திறந்து ஐந்து வினாடியில் சரிபார்த்துக்கொள்கிறார். எதைச் சரிபார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் அந்தப் பத்து வருட அனுபவத்தில் பெரும்பகுதி.

எல்லாம் கிடைக்கும் இடத்தின் சிக்கல்

இதையே கூகுளில் தேடினால் என்ன? தேடலாம், பலரும் தேடுகிறார்கள். ஆனால் உங்கள் கையில் இருப்பது எந்த மொழி, அதன் எந்தப் பதிப்பு என்பது பொதுத் தேடுபொறிக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் உண்டு. சொன்னாலும், பலர் படித்த பக்கமும் பலர் சுட்டிய பக்கமும் முன்னால் வர வாய்ப்பு அதிகம். பலர் படித்தது உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்று விதியா என்ன?

பிஎச்பி மொழியின் கதை இதற்கு நல்ல சாட்சி. அதிலும் ஸ்ப்ளிட் என்ற செயற்கூறு இருந்தது. 2009-இல் வந்த 5.3 பதிப்பில் ‘இனி இதைப் பயன்படுத்தாதீர்கள்’ என்று எச்சரித்தார்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்களும் கேள்வி-பதில்களும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. எழுதிய அன்று ஒவ்வொன்றும் சரி. இன்று அதை நம்பி எழுதினால் நிரல் ஓடாது. போன வருடத்து ரயில் கால அட்டவணையில் அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் வண்டி கிடைக்காது.

ஆக, தேடும் இடம் பெரிதாகப் பெரிதாகப் பதிலும் அதிகமாகக் கிடைக்கும், பொருந்தாத பதிலும் அதிகமாகக் கிடைக்கும். ஆவண உலாவி இடத்தைச் சுருக்குகிறது. உங்கள் மொழி, உங்கள் பதிப்பு, அதை உருவாக்கியவர்கள் எழுதிய கையேடு, அவ்வளவுதான் உள்ளே. மற்ற அனைத்தும் வாசலுக்கு வெளியே. அதன் பலம் முழுவதும் இந்த விலக்கலில்தான் இருக்கிறது.

பெல் ஆய்வகத்துக் கையேடு

இந்த யோசனை இணையத்தைவிட மூத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதிவு, எல்லாப் பதிவுக்கும் ஒரே அமைப்பு: பெயர், எப்படிக் கூப்பிடுவது, என்ன செய்யும், தொடர்புடைய மற்றவை. தெரிந்த பிழைகளுக்கும் ஒரு தலைப்பு ஒதுக்கியிருந்தார்கள். அந்த நிரலுக்கு யார் பொறுப்பு என்றும் எழுதினார்கள். பின்னாளில் ‘மேன்’ என்ற கட்டளையைத் தட்டினால் இதே பதிவு திரையில் வரும்படி செய்தார்கள். லினக்ஸ், மேக் கணினிகளில் அந்தக் கட்டளை இன்றும் இருக்கிறது.

அமைப்பு ஒன்றாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. எந்தத் தலைப்பின் கீழ் என்ன இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடுவதால் முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டியதில்லை. கணினியும் அதே தலைப்புகளைப் பிடித்துக்கொண்டு பெயர்களைத் திரட்டிவிடலாம்.

அடுத்த சிக்கல், பெயர் முழுதாக நினைவில்லாதபோது எங்கே புரட்டுவது என்பது. யூனிக்ஸ் கையேட்டின் 1979-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு விசித்திரமான சொல்லடைவு இருந்தது. ஒவ்வொரு கட்டளையின் ஒருவரி விளக்கத்தையும் எடுத்து, அதிலுள்ள முக்கியமான சொல் ஒவ்வொன்றின் கீழும் ஒருமுறை அடுக்கியிருந்தார்கள். ‘கோப்பின் வரிகளை வரிசைப்படுத்து’ என்ற விளக்கம், கோப்பு என்ற இடத்திலும் வரும், வரி என்ற இடத்திலும் வரும், வரிசை என்ற இடத்திலும் வரும். எந்தச் சொல் ஞாபகத்துக்கு வந்தாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த முறையைக் கணினியில் செய்து காட்டியவர் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன். காலம் 1950களின் இறுதி. அவருடைய இன்னொரு வேலை உங்கள் பணப்பையிலேயே இருக்கலாம். வங்கி அட்டை எண்ணில் ஓர் இலக்கம் தவறாக அடித்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கணக்கு அவர் வகுத்ததுதான்.

டாக்செட்டுக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய ஆவண உலாவியின் உள்ளே போவோம். டேஷ், ஜீல் இரண்டும் ஒரு மொழியின் கையேட்டை ஒரு தனிப் பொதியாக வைத்துக்கொள்கின்றன. அதற்கு டாக்செட் என்று பெயர். ஆப்பிள் தன் நிரலாளர்களுக்கென்று வகுத்த வடிவத்திலிருந்து வளர்ந்தது அது.

பைத்தான் டாக்செட்டைத் திறந்தால் முக்கியமாக இரண்டு பொருள் இருக்கும். ஒன்று, கையேட்டின் பக்கங்கள் மொத்தமும், வலைப்பக்கக் கோப்புகளாக. மற்றது, எஸ்க்யூலைட் என்ற குட்டித் தரவுத்தளக் கோப்பு ஒன்று. ஆண்ட்ராய்டு கைபேசியில் உங்கள் தொடர்பு எண்கள் குடியிருப்பதும் இதே எஸ்க்யூலைட்டில்தான்.

அந்தத் தரவுத்தளத்தில் ஒரே ஓர் அட்டவணை. வரிசை எண்ணை விட்டுவிட்டால் அதில் மூன்றே பத்தி: பெயர், வகை, இடம். நம்முடைய ஸ்ப்ளிட்டுக்கான வரியில் பெயர்ப் பத்தியில் அதன் பெயர் இருக்கும். வகைப் பத்தியில் அது ஒரு செயற்கூறா, மாறிலியா, வழிகாட்டிக் கட்டுரையா என்ற குறிப்பு இருக்கும். இடப் பத்தியில் எந்தக் கோப்பு, அந்தக் கோப்புக்குள் எந்த இடம் என்ற முகவரி இருக்கும்.

கடைசிப் பத்தியில்தான் காரியமே இருக்கிறது. பைத்தான் கையேட்டில் ஸ்ப்ளிட் இருக்கும் பக்கம் மிக நீளமானது; எண்கள், எழுத்துச் சரங்கள், பட்டியல்கள், அகராதிகள் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில். பக்கத்தின் தலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் உருட்டி உருட்டி விரல் தேயும். முகவரியில் பக்கத்துக்குள் உள்ள இடம் வரை குறித்திருப்பதால் தட்டியதும் நேரே ஸ்ப்ளிட்டின் வாசலில் போய் நிற்கலாம்.

டெவ்டாக்ஸ் இணைய உலாவிக்குள்ளேயே ஓடுவது. திபோ கூருபிள் 2013-இல் தொடங்கிய இதை இப்போது ஃப்ரீகோட்கேம்ப் அமைப்பு பராமரிக்கிறது. இதன் வேலைமுறை சற்று மாறுபட்டது. மூலக் கையேடுகளை ஒரு நிரல் போய் அள்ளிக்கொண்டு வருகிறது. அடுத்து ஒவ்வொரு கையேட்டுக்கும் தனித்தனியாக எழுதப்பட்ட வடிகட்டிகள் வழியாக அவை போகின்றன. பட்டிகள், தலைப்புப் படங்கள், பக்கவாட்டுச் சமாச்சாரங்கள் எல்லாம் அங்கே கழிக்கப்படும். எல்லாக் கையேடும் ஒரே முகத்தோடு வெளியே வரும். விலக்கும் வேலை இங்கே ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் நடக்கிறது.

பத்தில் ஒரு வினாடி

தேடுபெட்டியில் ஸ்ப்ளிட்டின் முதல் மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டுகிறீர்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அட்டவணையின் பெயர்ப் பத்தி முழுக்க ஒருமுறை அலசப்படுகிறது. சில ஆயிரம் பெயர்களைப் பார்ப்பது இன்றைய கணினிக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாத வேலை.

பைத்தானில் மட்டுமே அந்தப் பெயரில் பல உண்டு. எழுத்துச் சரத்தை வெட்டுவது ஒன்று, கோப்பின் பாதையிலிருந்து கடைசிப் பெயரைத் தனியே பிரிப்பது இன்னொன்று, வலப்புறமிருந்து வெட்டுவது, வரி வரியாக வெட்டுவது என்று போகும். இவற்றில் எது முதலில் வர வேண்டும்? பொதுவாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது: பெயர் அச்சாக ஒத்துப்போவது முதலில், நீங்கள் தட்டிய எழுத்தில் தொடங்குவது அடுத்து, நடுவில் எங்காவது அந்த எழுத்து வருவது அதற்கும் பின். தட்டிய எழுத்துகள் வரிசை மாறாமல், ஆனால் இடைவெளி விட்டு வருவது கடைசியில். பெயர் அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கிறது என்பவரைக் காப்பாற்றுவது இந்தக் கடைசி வகை.

இணையத்தில் இந்த வேகம் ஏன் வருவதில்லை? கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு வினாடியில் ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். பக்கத்தை வைத்திருக்கும் கணினி 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வர 20,000. அதற்கே 0.1 வினாடி ஆகிவிடும். இது பயணம் மட்டும். அங்கே தேடுவதும் இங்கே பக்கத்தைக் கட்டி எழுப்புவதும் தனிக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு இப்படிப் பல முறை போய்வர வேண்டியிருக்கும். பெரிய நிறுவனங்கள் பக்கத்து ஊரிலேயே நகல் வைத்து இந்தத் தூரத்தைக் குறைக்கின்றன. உங்கள் வட்டிலேயே இருப்பதற்கு அந்தத் தூரமும் கிடையாது.

0.1 வினாடி என்பது சும்மா எடுத்த எண் இல்லை. கணினி எவ்வளவு விரைவாகப் பதில் தர வேண்டும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் மில்லர் 1968-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுவது. அதையொட்டி வந்த வழக்கமான கணக்கு இப்படி: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே வந்தது போலிருக்கும். 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 வினாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். நிரல் எழுதுகிறவர் தலையில் ஒரே சமயத்தில் ஐந்தாறு இழைகள் ஓடிக்கொண்டிருக்கும். அவை கலையாமல் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு திரும்புவதுதான் அவருக்கு வேண்டியது.

பெயரே தெரியாவிட்டால்?

இதுவரை சொன்னது எல்லாம் பெயர் தெரிந்தவருக்கு. ‘வரியைத் துண்டாக்க என்னமோ ஒன்று உண்டே’ என்ற அளவில் நிற்பவர் ஆவண உலாவியில் என்ன தட்டுவார்? வெட்டு என்றா, உடை என்றா, பிரி என்றா?

1987-இல் ஜார்ஜ் ஃபர்னஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை அளந்து பார்த்தார்கள். ஒரே பொருளுக்கோ செயலுக்கோ இரண்டு பேர் தாமாகப் பெயர் வைத்தால் இருவரும் ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தெரியவந்தது. பிஎச்பியில் இன்று இதே வேலையைச் செய்யும் செயற்கூறின் பெயர் எக்ஸ்ப்ளோட், அதாவது வெடிக்கச் செய்! அதைப் போய் யார் ஊகிப்பது?

ஹாஸ்கெல் மொழிக்காரர்கள் இதற்கு ஓர் அழகான வழி கண்டார்கள். அவர்களுடைய ஹூகிள் என்ற தேடுகருவியில் பெயரே சொல்ல வேண்டாம். ‘பட்டியலைக் கொடுத்தால் எண்ணைத் தர வேண்டும்’ என்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மட்டும் சொன்னால் போதும், பொருந்துகிற செயற்கூறுகளைக் காட்டும். ரஸ்ட் மொழியின் ஆவணத் தேடலிலும் இப்படித் தேடலாம்.

மற்ற மொழிகளில் பெயர் தெரியாதவருக்குக் கூகுளும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும்தான் கைகொடுக்கும். சொந்த வார்த்தையில் கேட்கலாம், பெயரைச் சொல்லிவிடும். ஆனால் அந்த 2 என்ற எண்ணுக்கு எந்த மொழியின் பொருளைச் சொல்லுகிறது என்பதில் அவை சறுக்கலாம். ஆகவே பெயரை அங்கே கேட்டுக்கொண்டு, விவரத்தைக் கையேட்டில் பார்ப்பது பாதுகாப்பான முறை.

எதைத் தேர்வது?

முதல் வடிகட்டி உங்கள் கணினி. மேக் என்றால் டேஷ்; காசு கொடுத்து வாங்க வேண்டியது, 200-க்கு மேற்பட்ட டாக்செட்டுகள் உண்டு. லினக்ஸ் அல்லது விண்டோஸ் என்றால் ஜீல். இலவசம், திறமூல மென்பொருள், டேஷின் டாக்செட்டுகளையே எடுத்துக்கொள்ளும். எதையும் நிறுவ அனுமதியில்லாத அலுவலகக் கணினி என்றால் டெவ்டாக்ஸ். வேண்டிய கையேட்டை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் படிக்கலாம். ஜினோம் மேசைத்தளத்துக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அந்தத் திட்டமே தரும் டெவ்ஹெல்ப் இருக்கிறது.

இதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை மூன்று. உங்கள் திட்டம் எந்தப் பதிப்பில் ஓடுகிறதோ அதே பதிப்பின் கையேடு கிடைக்கிறதா என்பது முதலாவது. டெவ்டாக்ஸில் பைத்தானின் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனியாக இருப்பது இதற்காகத்தான். தேடலை ஒரு மொழிக்குள் அடைக்க எளிய வழி இருக்கிறதா என்பது இரண்டாவது. டேஷிலும் ஜீலிலும் மொழியின் பெயரோடு முக்காற்புள்ளி வைத்தால் போதும். டெவ்டாக்ஸில் பெயரைத் தட்டி டேப் விசையை அழுத்த வேண்டும். மூன்றாவது, கையேடு யாருடையது, எப்போது புதுப்பித்தது என்பது. மொழியை உருவாக்கியவர்களின் கையேட்டுக்கும் யாரோ ஆர்வலர் தொகுத்துக் கொடுத்ததற்கும் வேறுபாடு உண்டு.

ஒரு சின்னப் பரீட்சை வைத்தும் பார்க்கலாம். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் இறக்கிவிட்டு ஸ்ப்ளிட் என்று தட்டுங்கள். எந்த மொழியின் விடை என்று வரிசையிலேயே தெளிவாகத் தெரிகிறதா, ஒரு மொழிக்குள் சுருக்க எத்தனை விசை தட்ட வேண்டியிருக்கிறது, பக்கம் திறந்ததும் அந்த எண்ணைப் பற்றிய விளக்கம் கண்ணில் படுகிறதா என்று கவனியுங்கள். இந்த மூன்றிலும் எந்தக் கருவி உங்கள் கைக்கு வாகாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

நிறுவியதும் பலர் செய்வது, கண்ணில் பட்ட கையேட்டையெல்லாம் இறக்கிக்கொள்வது. நூறு கையேடு சேர்ந்துவிட்டால் ஸ்ப்ளிட் என்று தட்டும்போது முப்பது வரி வந்து நிற்கும். நாம் தப்பித்து வந்த நெரிசலையே உள்ளே கூட்டிவந்த கதையாகிவிடும். இப்போது கையில் இருக்கும் வேலைக்கு எவை வேண்டுமோ அவை மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். வேண்டும்போது மறுபடி இறக்கிக்கொள்ளலாம். திட்டத்தின் பதிப்பை உயர்த்தும் அன்றே கையேட்டின் பதிப்பையும் மாற்றிவிடுங்கள்.